டிவியில் மட்டும் விழுந்த குண்டுகள்

எல்லையில் சண்டை மூண்டால், ராணுவத்துக்கு அடுத்தபடியாகத் தூக்கம் கெடுவது கேபிள் டிவிக்காரனுக்குத்தான். அந்த ஒரு வாரம் தாயில்பட்டியில் நான் பட்ட பாடு, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் திட்டு வாங்கும் சக கேபிள்காரர்களுக்குப் புரியும்.

சைரன்

செய்தி சேனல்களில் வரிக்கு வரி சைரன் ஊதினார்கள். முதல் நாள் மதியம் ஒரு வீட்டு டிவி அலறியதும், தெருவே வெளியே ஓடிவந்து எந்தப் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்த்தது. பட்டாசு ஊரில் சைரனுக்கு ஒரே அர்த்தம்தான்.

கருப்பசாமி அண்ணன், கம்பெனிக்கு வேலைக்குப் போன மனைவிக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். டிவியில் போர்ச் செய்தி ஓடுகிறது, அவ்வளவுதான் என்றேன். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"அட, போர்தானா லே? நான் பயந்தே போனேன்!"

மூன்று ஊர்

சலூன்காரர் பார்த்த சேனலில் நம் படை ஒரே ஒரு ஊரைப் பிடித்திருந்தது. எதிர் டீக்கடை டிவியில் மூன்று. எனக்கு மட்டும் ஏன் குறைகிறது என்று பாதி மழித்த கன்னத்தோடு வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். ரெண்டுமே பொய்யாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை.

"அதெல்லாம் தெரியாது. எனக்கும் மூணு ஊரு வேணும்."

பச்சை

சுப்புத்தாய் அக்கா, வானத்தில் கலர் கலராக விரியும் பேன்சி வெடிக்கு மருந்து நிரப்பிக் கை பழகியவர். அவர் மகன் எல்லையில் ராணுவத்தில் இருந்தான். இரண்டு நாளாகப் போன் இல்லை. அவன் இருக்கும் ஊரே தரைமட்டம் என்றது டிவி. ரிப்பேருக்குப் போன நான், பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் கிடந்தவர் முகத்தைப் பார்க்காமல் ஒயரை நோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர் எரிவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆறாவது தடவை அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "குண்டுல எங்கன தம்பி இம்புட்டு பச்சை வரும்? இது ஏதோ திருவிழா வாணவேடிக்கைல்லா? எவனோ பழசை எடுத்துப் போடுதான்!" என்று கத்தினார்.

மறுநாள் மகன் பேசினான். ஊரில் ஒரு ஓடுகூட உடையவில்லையாம், சிக்னல்தான் இல்லையாம். அக்கா ஓவென்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த நியூஸ் சேனலை மட்டும் எங்க வீட்டுக்கு எடுத்து விட்டுருங்க தம்பி."

எடுத்துவிட்டேன், அன்றிலிருந்து அவர் மகன் எல்லையில் ஒரு தடவைகூடச் சாகவில்லை.