பெண்கள் பக்கத்துக் காற்று

திண்டிவனம் அங்காளம்மன் டாக்கீஸில் பெண்கள் வாசல் என்றால் இருதயமேரிதான். ஒரு நாள் அவள் இல்லாமல் வேறு யாராவது நின்றால், "மேரி எங்க?" என்று வருகிறவள் எல்லாம் கேட்பாள். கேட்காமல் என்ன செய்வார்கள்? பாதி ஆட்டத்தில் குழந்தை அழுதால் வெளியே தூக்கிப் போய் வேடிக்கை காட்டுகிறவள் அவள். மருமகளைத் தேடிக்கொண்டு மாமியார்க்காரி வந்து நின்றால், மாதா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, "இந்தப் பக்கம் வரவே இல்லியே" என்று கூசாமல் பொய் சொல்கிறவளும் அவள்தான்.

அதற்கு முன் அவள் துரைக்கண்ணு முதலாளியின் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கத் தூசு. இராத்திரி படுத்தால் இருமல். முதலாளிக்குச் சினிமா ஆசை பிடித்துக் கொட்டகை கட்ட ஆரம்பித்தபோது செங்கல் சுமக்க வந்தாள். அவள் புருஷன் தேவசகாயம் ஆயில் இஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு இஞ்சின் அறை கிடைத்தது. பெண்கள் டிக்கெட்டை ஆண்பிள்ளை கிழிக்கக் கூடாது என்று ஊரில் பேச்சு வரவே, இவளுக்கு வாசல் கிடைத்தது. அன்றிலிருந்து இருமல் நின்றது. அந்த ஒன்றுக்காகவே அந்த வாசலை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாசலுக்குத்தான் 1940ஆம் வருஷத்துக் கோடையில் ஆபத்து வந்தது.

கொட்டகையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் ஒரு அரைச்சுவர். வலது பக்கம் ஆண்கள்: திரைக்கு முன்னால் தரை, அப்புறம் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. இடது பக்கம் முழுக்கப் பெண்கள். மேலே தகரக் கூரை. சித்திரை வெயில் பகலெல்லாம் அதில் காய்ந்திருக்கும். சாயங்காலம் உள்ளே போனால் இட்டலிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். ஆண்களாவது சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்கள். பெண்கள் எதைக் கழற்றுவது? பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மயங்கி விழுந்தாள். மறுநாள் முதல் பெண்கள் பக்கம் காலி.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மேரி, பொம்பளைங்க பக்கம் காத்தாடுது?"

"காத்தாடினா ஏன் மொதலாளி காலியா கெடக்குது? காத்தே இல்லீங்க, அதான் வரலீங்க."

"ஆனி வரைக்கும் பார்ப்பேன். ரொம்பலைன்னா இந்தச் சுவரை இடிச்சுட்டு இங்கயும் நாற்காலி போட்டுடுவேன். நீ மண்டிக்கு வந்துடு."

மண்டிக்கு வந்துடு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! இருதயமேரிக்கு அப்போதே நெஞ்சுக்குள் தூசு அடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் முதலாளியும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் மேல் இருந்த இரக்கம் காரணமில்லை. விழுப்புரத்தில் அவர் மைத்துனன் ஒரு கொட்டகை வைத்திருந்தான். அதில் அவன் நாலு மின்விசிறி மாட்டிவிட்டான். போதாதா? துரைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மதராஸிலிருந்து ஒரு கம்பெனி ஏஜெண்டை வரவழைத்தார்.

ஏஜெண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வெயிலில் கோட்டுப் போட்டவன் குளிர்ச்சியைப் பற்றிப் பேசினான். ஏர் கண்டிஷன் என்று ஒன்று இருக்கிறதாம், வைத்தால் சித்திரையில் மார்கழி வருமாம், ஜனங்கள் கம்பளி கொண்டுவர வேண்டியிருக்குமாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கடைசியில் பார்த்தால், அந்த யந்திரத்தை ஓட்ட இந்த இஞ்சினைப் போல் பல இஞ்சின் வேண்டும். அது சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலோ சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்ப அத்த எதுக்குய்யா இவ்ளோ நேரம் சொன்னே?" என்று தேவசகாயம் கேட்டுவிட்டான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இஞ்சின் அறைக்கே போய்விட்டான்.

அடுத்தது ஐஸ். புதுச்சேரியிலிருந்து ஐஸ் பாளம் வரவழைத்து, தொட்டியில் போட்டு, பின்னால் விசிறி வைத்தால் குளிர்காற்று வரும் என்றான் ஏஜெண்டு. சரி, ஒரு நாள் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றார்கள். பாளம் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறுவதற்குள் பாதியாகி, திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கும்போது மரத்தூளில் உருட்டிய கொழுக்கட்டையாக இருந்தது. அதையும் தொட்டியில் வைத்தார்கள். விளக்கு அணைந்ததும் தரை டிக்கெட்டுக்காரர்கள் உடைத்துத் தின்றுவிட்டார்கள். இடைவேளையில் தொட்டியில் மரத்தூள்தான் மிதந்தது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மிச்சம் நின்றது ஒரு பெரிய சுவர் விசிறியும் வெட்டிவேர் தட்டியும். நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு, ஆள் உயர விசிறியைப் பொருத்தி, அதற்கு வெளியே தட்டியைக் கட்டித் தண்ணீர் சொட்ட விட்டார்கள். இதை எங்கே வைப்பது என்று முதலாளி தாசில்தாரைக் கேட்டார், ஜவுளிக்கடை வெங்கடாசலத்தைக் கேட்டார், ஜோசியரைக் கேட்டார். காலியாகக் கிடந்த பெண்கள் பக்கத்து வாசலில் நிற்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசிறி ஓடியது. நாற்காலிக்காரர்களுக்குச் சொர்க்கம். அந்தக் காற்று அவர்கள் சுருட்டுப் புகையையும், பெஞ்சுக்காரர்கள் பீடிப் புகையையும், அத்தனை பேர் வேர்வை நாற்றத்தையும் வாரிக்கொண்டு அரைச்சுவரைத் தாண்டிப் பெண்கள் தலையில் கொட்டிவிட்டு, அவர்கள் பக்கத்துச் சன்னல் வழியாக வெளியே போனது. வந்திருந்த ஏழெட்டுப் பேரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பாதியிலேயே எழுந்துவிட்டார்கள்.

"சேசு மரி சூசை! இதுக்கு முன்ன வெந்துகினு இருந்தோம். இப்ப வெந்துகினே நாறுறோம்" என்று அன்றிரவு இருதயமேரி தேவசகாயத்திடம் கத்தினாள்.

"எங்கிட்ட ஏன்டி கத்துறே? நானா வச்சேன்?"

"நீதானேய்யா முடுக்கினே!"

அவனுக்கும் கோபம். மறுநாள் மத்தியானம் விசிறியைக் கழற்றி மசகு போட்டான். கோபத்தில் இருந்தவன் எதைப் பார்த்து மாட்டினானோ, முன்பக்கம் பின்னாகப் போய்விட்டது. அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் இஞ்சின் ஓடியதும் விசிறி உள்ளே ஊதுவதற்குப் பதில் வெளியே இழுக்க ஆரம்பித்தது. சாயங்காலக் கடல் காற்று பெண்கள் பக்கத்துச் சன்னலில் ஜிலுஜிலுவென்று நுழைந்து, அவர்களை நனைத்துக்கொண்டு, அரைச்சுவரைத் தாண்டி நாற்காலிகளுக்குப் போனது. போகிற போக்கில் பெண்கள் தலையிலிருந்த மல்லிகை வாசத்தையும் கூட்டிக்கொண்டு போனது.

இடைவேளையில் தாசில்தார் முதலாளியைக் கூப்பிட்டார். "பேஷ்! காத்துல சென்ட் கலந்திருக்கீரா?"

துரைக்கண்ணு புளகாங்கிதம் அடைந்துவிட்டார். "எல்லாம் உங்களுக்காகத்தாங்க" என்றார். பிறகுதான் தேவசகாயத்தைக் கூப்பிட்டு என்ன செய்தாய் என்று விசாரித்தார். அவன் விசிறியிடம் ஓடிப் போய்ப் பார்த்தான். கண்டுபிடித்ததும் திட்டப் போகிறார் என்று பார்த்தால், வெட்டிவேர் தட்டியைக் கழற்றிப் பெண்கள் சன்னல்களில் மாட்டச் சொல்லிவிட்டார். விழுப்புரத்து மைத்துனனுக்குச் சென்ட் காற்று கிடையாதே!

ஒரு வாரம். ஒரே வாரத்தில் பெண்கள் பக்கம் நிறைந்தது. சுற்று வட்டாரத்துப் பிரம்மதேசத்திலிருந்து, ஓமந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இருதயமேரி டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் சிவந்தாள். ஆனி என்ன, ஐப்பசி வரைக்கும் வாசல் நமக்குத்தான் என்று நினைத்தாள்.

நினைக்கலாமா? நினைத்தால் உடனே ஒருவன் வந்து கெடுப்பான். இந்த முறை வந்தவன் ஜவுளிக்கடை வெங்கடாசலம். பின்னால் இன்னும் பத்துப் புருஷன்மார்.

"மொதலாளி, எங்க வீட்டுப் பொம்பளை வச்ச பூவு வாசனையைக் கண்டவன் மோந்துகினு படம் பார்க்கிறான். எங்களுக்கு மானம் இல்லியா?"

இருதயமேரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். சுருட்டு நாற்றம் பெண்கள் மூக்கில் ஏறினபோது இந்த மானம் எந்த ஊருக்குப் போயிருந்தது? இவன் கடையில் புடவை எடுக்கிற ஊர்ப் பெண்கள் தலையில் பூ இல்லாமலா வருகிறார்கள்? இவன் மூச்சை அடக்கிக்கொண்டா துணி கிழிக்கிறான்?

ஆனால் முதலாளிக்குப் பத்துப் புருஷன்மார் பெரிய கூட்டம். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து விசிறியைப் பழையபடி திருப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

"மொதலாளி, திருப்பினா ஒருத்தியும் வர மாட்டாங்க."

"வராட்டி நாற்காலி. முன்னமே சொல்லிட்டேன் இல்ல? பேஜாரு பண்ணாதே மேரி."

வியாழக்கிழமை முதலாட்டத்துக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் அவள் பொரிந்து தள்ளினாள். "பார்த்துக்குங்க, இன்னியோட சரி. நாளையிலேர்ந்து மறுபடி பீடிப் புகைதான். உங்க ஊட்டுக்காரங்களுக்கு உங்க பூவு ஆவாதாம்."

வரிசையின் நடுவில் வெங்கடாசலத்தின் பெண்சாதி ஜெயமே நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்தது. "பூவுதானே தொல்லை?" என்றாள். கொண்டையில் கை வைத்துச் சரத்தை உருவி, வாசலில் குடை மாட்டக் கட்டியிருந்த கயிற்றில் போட்டாள்.

"அடி பாவி! வெளக்கு வச்ச நேரத்துல, புருஷன் இருக்கிறவ பூவை எடுக்கிறதாடி?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி அலறினாள்.

"அவருக்குத்தானே ஆவலை. போவும்போது வச்சிக்கினு போறேன், வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு ஜெயம் உள்ளே போய்விட்டாள்.

ஒருத்தி போட்டாள் என்றால் போதாதா? கயிறு நிறைந்தது. இருதயமேரி வாங்கிக் கட்டக் கையை நீட்டினால், வேண்டாம் என்று அவர்களே கட்டிக்கொண்டார்கள். அவள் கை கிழித்த டிக்கெட்டுக்குத் தீட்டு இல்லை, பூவுக்கு மட்டும் தீட்டு உண்டு. நல்ல நியாயம்! அதை நினைத்து எரிச்சல் பட அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. ஆட்டம் முடிந்ததும், "என்னுது ஒரு முழம், உன்னுது அரை முழம்" என்று ஒரு சண்டை வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றும் பெண்கள் பூவைக் கயிற்றில் போட்டுவிட்டுத்தான் நுழைந்தார்கள். வரிசைக் கடைசியில் இரண்டு வெள்ளைப் புடவைகள் ஒட்டிக்கொண்டு நின்றதை இருதயமேரி பார்த்தாள். கிடங்கல் ஊர்க் கைம்பெண்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கைம்பெண் அந்த வாசலுக்கு வந்ததில்லை. பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் வந்து குந்தி யாரிடம் பேச்சு வாங்குவது? இன்றைக்கு யார் தலையிலும் பூ இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் யாரோ எவரோ. இருதயமேரி டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டாள்.

துரைக்கண்ணு கயிற்றைப் பார்த்தார். அவருக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூளியா வந்து குந்துறாளுங்க! என் கொட்டாய் வெளங்குமா? தேவசகாயம்! ஏணியைப் போடு. ஜல்தி!"

தேவசகாயம் ஏணியைப் போட்டான். அரைச்சுவருக்கு மேல் எல்லோருக்கும் தெரிந்தான். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் ஏணிப் பக்கம் திரும்பியது. முதலாளி பெண்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, "கழட்டு, கழட்டு" என்று கையை ஆட்டினார். விசிறியின் முதல் திருகாணி கழன்று கீழே விழுந்த சத்தம் இருதயமேரிக்குக் கேட்டது.

அப்போது அவள் முன்னால் ஒரு காசு நீண்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

வந்திருந்தவள் கெங்கம்மாள். முதலாளியின் கூடப்பிறந்த தங்கை. பதினெட்டு வயதில் தாலி அறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கொட்டகை எழும்பினதிலிருந்து அந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து, இங்கிருந்து வருகிற பாட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள். அண்ணன் கொட்டகைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. முக்காட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். இரண்டடி தள்ளி அண்ணன் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

துரைக்கண்ணுவும் பார்த்தார். ஆட்டின கை அப்படியே நின்றது.

இருதயமேரி காசை வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. இந்த மனுஷன் இப்போது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால், மண்டியும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், இங்கேயே முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதலாளி, ரெண்டாவது ஆணியையும் கழட்டட்டுமா?" என்று மேலேயிருந்து தேவசகாயம் கத்தினான்.

துரைக்கண்ணு தங்கையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "அந்த ஆணியை முடுக்கிட்டு எறங்குடா. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துல ஏணியில இன்னா வேலை?" என்று சொல்லிவிட்டு, ஆண்கள் பக்கம் விடுவிடென்று நடந்துவிட்டார்.

இருதயமேரி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கெங்கம்மாளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கதவருகிலேயே சுவரோடு ஒண்டிக்கொண்டு உட்காரப் போனாள்.

"அங்க இல்லீங்கம்மா" என்றாள் இருதயமேரி. "சன்னலாண்ட போய் குந்துங்க. மொதக் காத்து அங்கதான் வரும்."