நேற்றைய எண்

மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இனிப்புநீர் நோய். சாப்பிடப்போவதைக் கணினியில் தட்டினால் இன்சுலின் அளவு தானாக வரும்படி, மருத்துவர் தந்த கணக்கை வைத்து ஒரு விரிதாளில் மேக்ரோ என்னும் சிறு நிரல் எழுதியிருந்தேன். வேலைக்காகக் கிளேபாங்கில் அறை எடுத்துப் போனபோது அதைத் தன் புதிய லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. காஜா பேராங்கில் உள்ள எங்கள் வீட்டில் நான் விளக்கேற்றும்போது போன் வந்தது.

"மா, இன்னிக்கு விரதம்லா, பாலும் பழமும்தான். நேத்து வீட்ல நாசி லெமாக் சோத்துக்குக் காட்டின அதே பதினாலு யூனிட்தான் காட்டுது."

"ஊசி போட்டுட்டியா?"

"இப்பத்தான் போடப் போறேன்…"

"கீழ வை! மொதல்ல கீழ வை!"

"வச்சிட்டேன்லா. கத்தாதீங்க, பக்கத்து ரூம்ல தூங்குறாங்க."

அவளுடைய லேப்டாப்பில் இருந்த விரிதாள் மென்பொருளின் புதிய பதிப்பு என் மேக்ரோவை ஓடவிடவில்லை. அதனால் முந்தின நாள் வீட்டுக் கணினியில் வந்த எண் அப்படியே நின்றிருந்தது; பாலுக்கும் பழத்துக்கும் அவ்வளவு போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கியிருப்பாள். நான் கையால் கணக்குப் போட்டுச் சொன்னேன்: நான்கு.

இப்போது விரிதாளை மூடும்போதே எண் வரும் கட்டம் காலியாகும்படி மாற்றிவிட்டேன். மேக்ரோ ஓடாவிட்டால் எந்த எண்ணும் தெரியாது. இரண்டு பதிப்பிலும் சோதித்துவிட்டேன். ஆனாலும் தினமும் காலையில் அவளை அழைக்கிறேன்.

"ஆபீஸ்ல பஞ்ச் கார்டு அடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்று கேலி செய்துவிட்டு எண்ணைச் சொல்கிறாள். அதைக் கேட்ட பிறகே டீ கலக்கப் போகிறேன்.