ஹேண்ட்பேக்கில் ஒரு மீன் துண்டு

பொரித்த மீனை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நான் போனேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. பக்கத்து சீட் அம்மா என் பையை இரண்டு முறை பார்த்தார். பிறகு இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது...

அக்காவின் மறுவீட்டு விருந்தில் அம்மா சீலா மீன் பொரித்துப் போட்டாள். சீலா என்றால், சென்னையில் வஞ்சிரம் என்பீர்களே, அதேதான். முள்ளில்லாத துண்டுகளாகப் பாக்கெட்டில் வாங்கியது. வந்தவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போன பிறகு அக்காவின் மாமியார் ஆரம்பித்தார்.

“சீலான்னு சொல்லி என்னத்தையோ பொரிச்சுப் போட்டுட்டாகளே உங்க வீட்ல.”

ஒரு தடவை சொன்னால் போகட்டும் என்று விடலாம். மீன் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் சொன்னார். அக்கா அந்த வீட்டில் மீனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அம்மாவோ மகளைப் பார்க்க ராஜபாளையம் போகவே கூசினாள்.

நான் போனேன். அக்காவின் மாமியார், எனக்கும் அத்தைதான், என் தட்டில் இரண்டு துண்டு வைத்தார். “இது அசல் சீலா. தின்னு பாரு, வித்தியாசம் தெரியும்.”

பயோடெக் படித்தவளிடம் இப்படியா சவால் விடுவது? ஒரு துண்டு வாய்க்குள். இன்னொன்று டிஷ்யூ பேப்பருக்குள்!

எங்கள் ஃப்ரீசரில் விருந்துக்கு வாங்கிய பாக்கெட் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டும் மதுரையில் லேபில் வேலை பார்க்கும் என் தோழியிடம் போயின. மசாலா தடவினாலும், எண்ணெயில் பொரித்தாலும் மீனின் டிஎன்ஏ முழுதாக அழிவதில்லை. அதில் ஒரு சின்னப் பகுதியைப் படித்து, தெரிந்த மீன்களோடு ஒப்பிட்டால் போதும் — இன்ன மீன் என்று தெரிந்துவிடும். தலையும் தோலும் முள்ளும் போன மீனுக்குக் கடைக்காரர் வைத்ததுதானே பெயர்?

ரிசல்ட் வந்தது. அம்மா பொரித்தது சீலா இல்லை. பாசா — குளத்தில் வளர்க்கும் கெளுத்தி வகை.

அத்தை பொரித்தது? அதுவும் பாசா.

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் ஓடினேன். போனிலேயே ரிசல்ட்டைக் கேட்டிருந்த அக்கா வாசலில் மறித்தாள்.

“ஏட்டி, உள்ள போய் வாயத் தொறந்த, அம்புட்டுதான்.”

“நீ ஜெயிச்சுட்டக்கா.”

“ஜெயிச்சுட்டு நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கனதான இருக்கணும்?”

அதற்குள் அத்தையே வந்துவிட்டார். “என்ன, அக்காளும் தங்கச்சியும் குசுகுசுன்னு?”

அக்கா நிதானமாகச் சொன்னாள். “மீன்காரன் நம்மள நல்லா ஏமாத்திருக்கான் அத்தை. பாசாவ சீலான்னு குடுத்திருக்கான். இவ டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கா.”

“நான் வச்ச மீனையா?”

“அம்மா வச்சதையும் சேத்துதான். ரெண்டும் ஒண்ணுதானாம்.”

அத்தை என்னைப் பார்த்தார். என் ஹேண்ட்பேக்கைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கையை நீட்டினார்.

“உங்க அம்மாவுக்குப் போனப் போடு.”

போட்டாள்.

“மதினி, நான்தான் பேசுதேன். அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் அடுப்புல நின்னு பொரிச்சீக... நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். ஞாயித்துக்கெழம இங்க வாங்க. ரெண்டு பேருமா மார்க்கெட்டுக்குப் போவோம். தலையோட மீன் வாங்கி, கண்ணு முன்னால வெட்டச் சொல்லுவோம்.”

நானாக இருந்தால் ரிப்போர்ட்டை அத்தை முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். அக்காவோ ‘நம்மள’ என்ற ஒரு சொல்லில் அத்தையையும் அம்மாவையும் ஒரே பக்கம் உட்கார வைத்துவிட்டாள். இதெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எனக்கும் அழைப்பு உண்டு — ஹேண்ட்பேக் இல்லாமல் வரவேண்டுமாம்.