மாற்றி எடுத்த வாக்குத்தத்தம்

சனிக்கிழமை காலை 7.40. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். புறநகர் ரயிலில் டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கே ஒரு சிறிய சபையின் உபவாச ஜெபத்தில் எழுப்புதலைப் பற்றி, அதாவது தளர்ந்த விசுவாசம் மறுபடி கொழுந்துவிட்டு எரிவதைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நான் போதகன் இல்லை, அச்சகக்காரன். புத்தாண்டு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுவார்களே, வாக்குத்தத்த அட்டைகள், அவற்றுக்கு வசனம் பொறுக்கி அச்சடிப்பது என் தொழில். குடும்பத் தலைவர் ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடி ஓர் அட்டை எடுப்பார். அதிலிருக்கும் வசனம்தான் அந்த ஆண்டு அந்த வீட்டுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. வாசல் நிலைக்கு மேலே ஒட்டி வைப்பார்கள்.

மீஞ்சூர் தாண்டியதும் வானம் மூடிக்கொண்டது. பொன்னேரியில் பாதிக் கூட்டம் இறங்கியது. மிச்சமிருந்தவர்கள் சீருடையோடு உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

9.15. நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய். கம்பெனி வேலையாக வந்தீர்களா என்று கேட்ட ஓட்டுநர், ஜெபக்கூட்டம் என்றதும் பாட்டை நிறுத்திவிட்டார். வழியெல்லாம் இரும்புத் தூசி. வேப்பமரங்கள்கூடத் துருப்பிடித்த நிறத்தில் நின்றன. சொல்லக்கூடாது, ஊர் எனக்குப் பிடிக்கவில்லை.

தகரக் கூரை போட்ட ஜெப வீட்டின் முன்னால் போதகர் காத்திருந்தார். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்காமலே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன் ஒரு வீட்டுக்குப் போய்வரலாம் என்றார் போதகர். அந்த வீட்டுக்காரர் சாமுவேல் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை செய்தவர். மார்ச் மாதம் உலைக்குழம்பு தெறித்து இறந்துபோனார். அன்றிலிருந்து அவர் மனைவி கிரேஸ் சபைப் பக்கமே வரவில்லை. வெளியூர்க்காரர் கூப்பிட்டால் வருவாள் என்று நம்பி என்னை முன்னால் விட்டார்.

10.05. ஒரே அறை வீடு. நிலைக்கு மேலே என் அச்சக அட்டை. எந்தத் தீங்கும் இந்த வீட்டை அணுகாது என்று பொருள்படும் சங்கீத வசனம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அட்டை அடிக்கிறவர் இவர்தான் என்று போதகர் பெருமையாக வேறு சொல்லிவைத்தார்.

கிரேஸ் என்னையே பார்த்தார். அழவில்லை.

"மொதல்ல இது வர்ல ஐயா. நெருப்புல நடந்தாலும் நீ வேகமாட்டேன்னு வேற அட்ட வந்துச்சு. பர்னஸாண்ட வேல செய்யற மனுசனுக்கு வருசப் பொறப்பும் அதுவுமா நெருப்புப் பேச்சு இன்னாத்துக்குன்னு, நாந்தான் அத்த வச்சிட்டு வேற எடுக்கச் சொன்னேன். ஆண்டவர் அவருக்குக் குடுத்தத்த நானே தட்டி வுட்டுட்டேன்."

நான்கு மாதமாக இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தச் சுமையை இறக்க என்னிடம் ஒரே வழிதான் இருந்தது. போதகர் பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் சொன்னேன்.

"நாலு வரியில அடங்கணும், கேட்க நல்லா இருக்கணும். இது ரெண்டைத்தாம்மா பார்த்துப் பொறுக்குவேன். அந்த நெருப்பு வசனத்தையே நாற்பது அட்டையில போட்டிருக்கேன். நீங்க மாத்தினதால எதுவும் மாறல."

போதகர் தரையைப் பார்த்தார். கிரேஸ் நிலைக்கு மேலிருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்போ எங்க ஊட்டுக்குன்னு ஆண்டவர் ஒண்ணுமே சொல்லலியா?"

பையிலிருந்த வேதத்தை எடுத்து எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராத ஒருவனின் ஜெபம் அது. மற்ற புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இது இருட்டிலேயே முடிந்துவிடும். கிரேஸ் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இத்த ஏன் அட்டையில போடல?"

"யாரும் எடுக்க மாட்டாங்கம்மா."

"நான் எடுத்திருப்பேன்" என்றார்.

11.00. அவர் கூட்டத்துக்கு வந்தார். செருப்பு கழற்றும் இடத்தருகே உட்கார்ந்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, ஆளுக்கொரு வசனமாக அந்தச் சங்கீதத்தையே வாசிக்கச் சொன்னேன். முடிந்ததும் யாரும் ஆமென் சொல்லவில்லை, கைதட்டவில்லை. தூங்காத கண்களோடு முப்பது பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எழுப்புதல் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயபக்தியோடு இருந்ததில்லை.

உபவாசம் முடித்துக் கஞ்சி குடித்தோம். வழியனுப்ப வந்த போதகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த வருசத்துக்கும் எப்பவும் போலவே அனுப்புங்க பிரதர். இந்த மாதிரி வசனம்லாம் வேணாம். சனங்க தாங்க மாட்டாங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

2.50. திரும்பும் ரயில். கவரைப்பேட்டை வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு நிலைக்கு மேலேயும் ஓர் அட்டை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து எடுத்ததல்ல. ஒவ்வொரு ஆண்டும் அச்சானவுடன் கட்டைப் பிரித்து, பயமுறுத்தாத வசனமாகப் பார்த்து நானே உருவி வைத்துவிடுவேன். கிரேஸ் ஒரே ஒரு முறை மாற்றினார். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். சொல்லாமல் வந்துவிட்டேன்.