லூப்புக்குத் தெரியாத ஆள்

அன்று காலை கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் இருந்தவர்கள் ஆறு பேர். வரவேற்பு மேசையில் நான். கண் சத்திரசிகிச்சைக்கு வந்திருந்த வயதான தம்பதி. ஐந்தாம் அறையில், முதல்நாள் வவுனியாவிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகனும். எம்பசிக்குப் போக விடியவே நீலச் சேலை கட்டித் தயாராயிருந்த மாடியறை அக்கா. என்னைத் தவிர ஐவரும் தங்க வந்தவர்கள். யுத்த காலம்; தங்குபவர்களின் பெயர்களை ஒவ்வொரு மாலையும் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும். முதல்நாள் நான் கொடுத்திருந்த பட்டியலில் நான்கு பெயர்தான் இருந்தது.

அக்கா என்னைவிட இளையவர். எல்லாரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணை என்பார். கணவர் கனடாவில். விசாவுக்குக் காத்திருந்த காலத்தில், லொட்ஜின் பழைய கொம்பியூட்டரில் தங்குபவர்களின் பட்டியலுக்கு ஒரு புரோகிராம் எழுதித் தந்தார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எனக்கும் விளங்கும்படி சொன்னார்: விருந்தாளி என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு; வருகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து பிறக்கும் ஒரு ஒப்ஜெக்ட். பிறக்கும்போதே அது கிளாஸின் பொது லிஸ்டில் தன்னைப் பதிந்துகொள்ளும். அந்த லிஸ்ட் வழியே ஒரு லூப் நடந்து ஒவ்வொரு பெயராக அச்சிடும்.

பதியாமல் விட்டால் என்னவாகும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஆள் இருப்பார், லூப்புக்குத்தான் தெரியாது. அண்ணை, நீங்கள் பயப்பிடுற வேகத்துக்கு இந்தக் கொம்பியூட்டரால ஓட ஏலாது."

குடும்பமாக வருபவர்களுக்கு ஒரே ஊர், ஒரே முகவரி. திரும்பத் திரும்ப அடித்தால் எழுத்துப் பிழைத்துவிடுமோ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காகவே ஒரு வசதி சேர்த்தார்: முதல் ஆளை அப்படியே பிரதி எடுத்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றினால் போதும். அதை முதன்முதலில் பாவித்தது அந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும்தான். ஐந்தாம் அறையைத் திரையில் அழைத்துப் பார்த்தேன், இருவரும் இருந்தார்கள். நிம்மதியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

காலையில் சோதனைக்கு வந்த அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்தார். வாசித்து முடிந்தபோது மகன் மட்டும் கூப்பிடப்படாமல் நின்றான். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது: பிரதியாக வந்த ஒப்ஜெக்ட் பிறக்கும் வழியால் வரவில்லை, அதனால் அறையில் இருந்தும் பொது லிஸ்டில் ஏறவில்லை. கொம்பியூட்டரைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கி, இப்போதே சேர்த்துவிடுகிறேன் என்றார். இப்போது சேர்க்க முடிகிறதென்றால் யாரையும் எப்போதும் சேர்க்கலாமே என்றார் அதிகாரி. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பையனை ஜீப்பில் ஏற்றினார்கள். தகப்பனுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் மேசைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

அக்கா செருப்பை மாட்டினார். பத்து மணிக்கு இன்டர்வியூ என்று நினைவுபடுத்தினேன்.

"எம்பசி ஓடாது, அண்ணை. இந்தப் பெடியனை வேற இடத்துக்கு மாத்தினா எங்க போய்த் தேடுறது? எழுதினது நான், நான்தான் போய்க் கதைக்கோணும்."

தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். பின்னேரம் மூவரும் திரும்பி வந்தார்கள். பையன் கொழும்புக்கு வர எடுத்த பயண அனுமதிப் பாஸைப் பற்றி வவுனியாவில் விசாரித்துவிட்டு அவனைப் போகவிட்டார்களாம். நீலச் சேலை வியர்வையில் கசங்கியிருந்தது. ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் கொம்பியூட்டர் முன் உட்கார்ந்து, பிரதி எடுக்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்தார். பிரிண்டர் கரகரத்து ஐந்து பெயர்களைத் துப்பியது. தகப்பன் அந்தத் தாளை வாங்கி மகனின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

அக்காவுக்கு இன்டர்வியூவுக்கு மறுதவணை அடுத்த வருஷம்தான் கிடைத்தது. அவருக்கு அது இழந்த வருஷம். எனக்கோ, மேலே ஒருவர் இருக்கிறார், எது பிழைத்தாலும் வந்து பார்ப்பார் என்ற தைரியத்தில் வேலை செய்த ஒரே வருஷம். இன்று ஹோட்டல்களில் இதையெல்லாம் பெரிய மெஷின்கள் செய்கின்றன. அந்தத் தைரியம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அவர் விமானம் ஏறிய நாளன்று, போகிறவரை லிஸ்டிலிருந்து எடுக்கும் பொத்தானை நான்தான் அழுத்த வேண்டியிருந்தது. மாலையில் லூப் ஓடியது. பட்டியல் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் தாளை மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தேன்.