கொச்சம்மிணியின் இடது பக்கம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மாயம்மாளை மட்டாஞ்சேரியில் யாரும் பிடிக்க முடியாது. கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும், "அன்னைக்கு எனக்கு ஆனை இருக்கு" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பதினோரு வருடம் ஆனபிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, தங்கள் வீட்டு விசேஷத்தை இரண்டாவது ஞாயிறுக்குத் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாம் மகள் செல்வலட்சுமியால் வந்தது. பிள்ளைக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் அணுக்கள் குறைந்து, ஆஸ்பத்திரியில் ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். மாயம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பிள்ளையாரிடம் பேசினாள். "இவள எனக்குக் குடு. மாசத்துக்கு ஒரு தடவ உன் உருவத்த உசுரோட பாத்து, பழம் குடுத்துக் கும்பிட்டுட்டு வாரேன்." பிள்ளை எட்டாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டது.

வேண்டுதல் எளிதாக வாயில் வந்துவிட்டது. நிறைவேற்றுவதுதான் பாடாக இருந்தது. கோயில் யானைகள் உற்சவக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுகின்றன. இந்த மாதம் நின்ற இடத்தில் அடுத்த மாதம் வெறும் சங்கிலிதான் கிடக்கிறது. சாமிக்குச் சொன்ன வாக்கு அல்லவா, ஒரு மாதம் தவறினாலும் தப்பு. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம் போனால் ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கிறது, அங்கே யானைகள் எங்கேயும் போகாது என்று.

முதல் தடவை ஒரு சீப்பு பூவன் பழத்தோடு போனாள். யானைக்காரர் நாணு தடுத்துவிட்டார்.

"சேச்சி, வெளியிலெ சாதனம் ஒண்ணும் ஆனைக்குக் கொடுக்கான் பாடில்லா. ரூலு."

"சாமிக்கு நேந்தது அண்ணாச்சி."

நாணு பழத்தைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். "அப்போ எனக்குத் தா. ஆனைகிட்ட நான் பறஞ்சோளாம்."

நாணு அங்கே இருந்தவரை பழம் அவர் வயிற்றுக்குத்தான் போனது. பிள்ளையார் அதில் குறை வைத்ததாகத் தெரியவில்லை.

பழம் கொடுக்க முடியாத குறையைக் கண்ணால் ஈடுகட்டினாள் மாயம்மாள். கம்பிக்கு வெளியே காலையில் நின்றால் சாயங்காலம்தான் நகர்வாள். அவள் முதலில் கண்டபோது ஐந்து யானைகள். மூத்தவள் கொச்சம்மிணி, காட்டில் மரம் வெட்டும் கூப்பில் தடி இழுத்து ஓய்ந்தவள். குழியில் விழுந்து தாயை இழந்து வந்த நீலி, கொச்சம்மிணியின் வயிற்றடியிலேயே வளர்ந்தவள். மாணிக்கன் என்ற கொம்பன். துளசி. அவள் பெற்ற குட்டன்.

மாணிக்கன் ஒரு மழைக்காலத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த மாதம் மாயம்மாள் வீட்டில் மூன்று நாள் மீன் வாங்கவில்லை. பெருவெள்ளம் வந்த வருடம் ரோடு திறந்த முதல் பஸ்ஸில் போய், முழங்கால் சேற்றில் நின்று, நாலு தலையையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் சாயா குடித்தாள். ஊரடங்கில் வாசலே பூட்டிக் கிடந்தது. நாணு அங்கிருந்தே வீடியோ கால் போட்டுக் காட்டினார். உள்ளங்கை அகலத் திரையில் யானை எலிக்குஞ்சு மாதிரி தெரிந்தது. "இதப் பாத்தா கணக்காகுமா பிள்ளையாரப்பா?" என்று கேட்டுவிட்டு அதையும் கும்பிட்டாள். குட்டன் பெரியவனாகி வேறு முகாமுக்குப் போனான். துளசி காய்ச்சலில் போனாள். கடைசியில் கொச்சம்மிணியும் நீலியும்தான் மிச்சம். நாணுவும் வேலை ஓய்ந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யூசுப் என்றொருவர் ஒப்பந்த வேலைக்கு வந்தார்.

யூசுப்தான் ஒரு ஞாயிறு அந்தச் செய்தியைச் சொன்னார்.

"சேச்சி அறிஞ்ஞோ? நீலியெ கொண்டுபோகும். தெக்கே, காட்டோரத்திலெ பெரிய முகாமு. வரும் மாசம் லாரி."

"கொச்சம்மிணி?"

"அவளுக்கு வயசாயில்லே? இவிடத்தன்னே இருக்கும்."

மாயம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இரண்டு யானைகளும் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்துகொண்டிருந்தன. எப்போதும்போல நீலி இடது பக்கம், தோளோடு தோள். திரும்பும்போதும் அவளே சுற்றி வந்து இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளாவது, ஒரு தடவையாவது நீலி வலது பக்கம் நின்று மாயம்மாள் பார்த்ததில்லை. குறைந்தது மூன்று வருடமாக.

அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதே வேலையை அவளும் செய்தவள்.

மட்டாஞ்சேரியில் சரக்கு மூட்டைகள் அடுக்கிய சுக்குக் கிட்டங்கியில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கு பொறுக்குவார்கள். இரண்டு பேருக்கு ஒரு குவியல். பூஞ்சணம் பிடித்தது, பூச்சி அரித்தது, சுண்டியது எல்லாம் தனியே போக வேண்டும். மாயம்மாளின் ஜோடி திரிபுரசுந்தரி, அறுபது தாண்டியவள். அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகும். அதனால் மாயம்மாள் அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து, பொறுக்காத சுக்கையெல்லாம் வலது பக்கமே தள்ளிவிடுவாள். இடது பக்கம் சிந்தியதைத் தானே எடுத்துப் பார்த்துவிடுவாள். இரண்டு வருடம் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மேஸ்திரி மற்றவர்களிடம், "சுந்தரியக்காவப் பாருங்க, இந்த வயசிலயும் என்ன கண்ணு" என்று மெச்சிக்கொண்டார். ஒரு நாள் மாயம்மாள் காய்ச்சலில் படுத்தாள். அன்றைக்கே சுந்தரியின் மூட்டையில் பூஞ்சணச் சுக்கு கிடந்து குட்டு வெளிப்பட்டது. நல்லவேளை, மேஸ்திரி விரட்டாமல், புரையை ஆப்பரேஷன் பண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினார்.

யூசுப் செய்தி சொன்ன மறுநாள் கிட்டங்கியில் மாயம்மாள் விஷயத்தைச் சொன்னதும் சுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, என் கண்ணயும் ஆனைக் கண்ணயும் ஒண்ணாச் சேக்கியே, வெளங்குமா?" என்றவள் தன் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "போயிச் சொல்லு" என்றாள். "நீ வராத அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையி எங்க போவுதுன்னே தெரியல. நீ போ ஏட்டி, நான் ரெண்டு ஆளு வேலையப் பாத்துக்கிடுதேன்."

செல்வலட்சுமி இப்போது காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வரவேற்பில் இருக்கிறாள். மலையாளம் தண்ணீர்ப்பட்ட பாடு. தமிழில் பெயர் எழுதச் சொன்னால் யோசிப்பாள். மாயம்மாளுக்கோ நாலாவது வரை படித்த தமிழ் மட்டும். அம்மா சொல்லச் சொல்ல, யானை டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை மகள் மலையாளத்தில் எழுதினாள்.

"பெரிய டாக்டருக்கு நீங்க சொல்லிக் குடுக்கிறதாம்மா?" என்றாள் நடுவில்.

"டாக்டர் பாக்கும்போது ஆனை நிக்கும். நான் பாக்கும்போது ஆனை நடக்கும். அத எழுது."

கணவர் ராமர் சுள்ளிக்கல்லில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் கேட்டது ஒன்றுதான்: "உன்ன ஆருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"மாயம்மான்னு சொல்லுவேன்."

செவ்வாய்க்கிழமை மனுவோடு மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். யானை வைத்தியர் ஹரிநாராயணன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர், அங்கே வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார். மனுவைப் படித்தார். முகத்தில் எரிச்சல் இல்லை; அதுவே மாயம்மாளுக்குப் பாதி தைரியம்.

"கொச்சம்மிணிக்கு எடது கண்ணுல பூ விழுந்திருக்கறது எனக்கும் தெரியுமாக்கும் அம்மா. பாதி பார்வை இருக்குன்னு கடலாசுல எழுதியிருக்கு. நன்னா சாப்பிடறா, நன்னா நடக்கறா. நீலிக்கு முப்பது வயசு. அங்கே எட்டு ஆனை இருக்கு, காடு இருக்கு. அவளோட நல்லதுக்காக்கும் இது."

"நல்லதுதான் சார். அவ போகக்கூடாதுன்னு நான் சொல்லல. கெழவி நல்லா நடக்கான்னு சொன்னீகளே, அவ தனியா நடந்து நீங்க பாத்திருக்கீகளா?"

அவர் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஒரு நாள் காலைல நீலியக் கொட்டாயில நிறுத்திட்டு கெழவிய மட்டும் தொட்டிக்கு விட்டுப் பாருங்க சார். அவ ஒழுங்காப் போயிட்டா, நான் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

"பிரிச்சு விட்டா ஆனைக்கு வெப்ராளம் வரும், மிரண்டுடும். சும்மா பரீட்சை பண்ணறதுக்கில்லை." சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.

புதன்கிழமையும் போனாள். வாசல் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை போனபோது அவர் வெளியூர். வெள்ளிக்கிழமை கிட்டங்கியில் மேஸ்திரி, "ஆனை வேணுமா வேல வேணுமா?" என்று சத்தம் போட்டார். "ரெண்டும் வேணும்" என்றாள் மாயம்மாள். அன்று முழுக்க இரண்டு நாள் சுக்கைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, சனிக்கிழமை மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்து வைத்த திருநீற்றைத் தொட்டுக்கொண்டு, "நான் வழக்காட வரலப்பா, ஒன் பிள்ளைக்குத்தான் வந்திருக்கேன்" என்று பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் வண்டியிலிருந்து இறங்கி அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னும் எத்தனை நாள் வரதா உத்தேசம்?"

"லாரி வர்ற வரைக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை காலம்பற ஏழரைக்கு. ஒரு தடவைதான், கேட்டேளா?"

திங்கட்கிழமை நீலியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, யூசுப் கொச்சம்மிணியை வெளியே விட்டார். கொட்டகையிலிருந்து தொட்டிக்கு எண்பது அடி. நடுவில் பலாமரத்தடியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் போனால் மதில் ஓரத்து வாய்க்கால்.

கொச்சம்மிணி பத்தடி நடந்து நின்றாள். துதிக்கை இடது பக்கம் போனது. அங்கே இருக்க வேண்டிய தோளைத் தேடிக் காற்றைத் தடவிவிட்டு வந்தது.

"தேடறா. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் டாக்டர் மெதுவாக.

மாயம்மாள் முந்தானைத் திருநீற்று முடிச்சைத் தொட்டாள். பழகிவிட்டால்? தான் நினைத்ததெல்லாம் வெறும் பொம்பிளை நினைப்பாகப் போய்விட்டால்? கிழவி மறுபடி நடந்தாள். பலாமரம் வந்தது. அவள் திரும்பவில்லை. இடது தோள் மரத்தில் உராய்ந்தது. பயந்து வேகமாக வலப்பக்கம் விலகினாள். ஒரு சுற்றுச் சுற்றியவளுக்குத் திசை தப்பிப்போயிற்று. இடது முன்னங்கால் நேராக வாய்க்கால் விளிம்பில் இறங்கியது. மண் சரிந்தது.

"எடோ!" என்று யூசுப் ஓடினார். டாக்டரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"நீலியத் தெறந்து விடுங்க!" மாயம்மாள் கத்திய கத்தலில் மரத்துக் காக்கைகள் எழும்பின. "சார், அவளத் தெறந்து விடுங்க!"

டாக்டரே திரும்பி ஓடிவந்து கதவை இழுத்தார். நீலி ஓட்டமாகப் போனாள். போய் வாய்க்காலுக்கும் கொச்சம்மிணிக்கும் நடுவே, அந்த ஒடுங்கிய இடத்தில் தன் உடம்பை நுழைத்துக்கொண்டு முட்டித் தள்ளினாள். கிழவியின் கால் மேலே வந்தது. இரண்டும் தோளோடு தோளாகத் திரும்பி, ஒன்றும் நடக்காதது மாதிரி தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தன.

டாக்டர் வெறுங்காலோடு பின்னாலேயே நடந்தார். தொட்டியருகே கொச்சம்மிணியின் இடது கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். இமை அசையவில்லை.

"பாதி இல்லை அம்மா. ஒண்ணுமே தெரியலை அவளுக்கு" என்றார். "ரெண்டு பேரும் இங்கேயே இருக்கணும், இல்லைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். இன்னைக்கே எழுதறேன்."

எழுதினார். மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்று.

யூசுப் போனில் சொன்னபோது மாயம்மாள் சுக்குக் குவியல் முன்னால் இருந்தாள். சந்தோஷம் நெஞ்சுக்கு வருவதற்குள் மற்றொன்றும் வந்துவிட்டது. இனி இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு யானையும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லாரி என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

லாரி வந்த அன்று அவளும் வந்தாள். யானைக்கு ஒரு லாரியாக இரண்டு லாரி. கொச்சம்மிணி பலகையில் கால் வைக்க மறுத்தாள். யூசுப் கருப்பட்டியைக் காட்டினார், கெஞ்சினார், ஏசினார், நடக்கவில்லை. மாயம்மாள் டாக்டரிடம் போனாள்.

"சார், வண்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க. நீலி வண்டி எடது பக்கம். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஏத்துங்க. அங்க எறக்கும்போதும் அப்படித்தான்."

"கேட்டியா யூசுப்? அம்மா சொன்ன மாதிரி" என்றார் டாக்டர்.

அப்படியே நிறுத்தினார்கள். நீலி ஏறினாள், அவள் ஏறுகிற சத்தத்தை இடது காதால் கேட்டுக்கொண்டே கொச்சம்மிணியும் ஏறினாள். மாயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சேச்சி, இனி வேண்டுதலுக்கு எந்து செய்யும்?" என்று கேட்டார் யூசுப், பலகையைத் தூக்கியபடி.

"அந்த முகாமுக்கு எப்படிப் போவணும், சொல்லுங்க."

அவர் சொன்னார். எர்ணாகுளத்திலிருந்து ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் ஜீப். மாயம்மாள் இறங்க வேண்டிய இடங்களின் பெயரை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, விரலை மடக்கி மனப்பாடம் பண்ணினாள். முதல் ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானமே கிளம்பினால்தான் சரிப்படும். மேஸ்திரியிடம் நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.