படலமா, படமா?

கண்ணாடி மேல் மெல்லிசாகச் சிலிக்கான் பூசி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகை செய்வது எங்கள் தொழில். அதைப் பெண் வீட்டாருக்கு விளக்குவது அதைவிடக் கஷ்டமான தொழில். பார்க்கிற வேலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் விழித்தவர்களுக்கு என் வலி தெரியும்.

பெண் பார்த்த அன்று

தொண்ணூறுகளில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு 'தின் பிலிம்' கம்பெனியில் இருந்தேன். செம்பாக்கத்தில் உஷாவைப் பார்த்ததுமே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா, வயலை விற்று ஹார்டுவேர் கடை வைத்தவர், 'பிலிம்' என்றதும் முகத்தைச் சுளித்தார். சினிமாக்காரனுக்குப் பெண் கிடையாதாம். இங்கிலீஷ்தான் எதிரி என்று நினைத்து, "சினிமா இல்ல சார், கண்ணாடி மேல ஒரு படலம்" என்று தமிழில் சொன்னேன்.

"படம்னுதானே தம்பி நானும் சொல்றேன்!"

குளியல்

நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று கம்பெனிக்கே வந்துவிட்டார். ஒரு தூசி ஒட்டினாலும் பூச்சில் ஓட்டை விழும். அதனால் கண்ணாடியைத் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவைப்போம். அவர் நெற்றி விபூதி உதிருமே என்று என்னோடு வேலை பார்த்த ஜோசப் பதறினான். தொப்பி, முகத்துணி, கால் உறை எல்லாம் மாட்டி உள்ளே விட்டோம். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத இத்தினி வாட்டி குளிப்பாட்டறீங்களே, நீங்க தெனம் குளிக்கிறீங்களா?"

ஊதா வெளிச்சம்

அன்று காலை குளித்தேனா என்ற யோசனையோடே அடுத்த அறைக்கு அழைத்துப் போனேன். இரும்புப் பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, சிலிக்கான் உள்ள வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், வாயு உடைந்து சிலிக்கான் கண்ணாடியில் படியும். அப்போது உள்ளே ஊதா வெளிச்சம் தெரியும். பெட்டியின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. என் கல்யாணமே அந்த ஜன்னலில் தொங்கியது.

"லைட்டெல்லாம் கீது, ஆடற பொண்ண எங்க ஒளிச்சி வெச்சிகினு கீறீங்க?"

வெயில்

கடைசி முயற்சியாக அவரை வெளியே கூட்டிவந்தோம். பூச்சை லேசரால் கோடு கோடாக அறுத்து, பின்பக்கம் அலுமினியம் பூசி முடித்த பலகையை ஜோசப் வெயிலில் சாய்த்து, ஒரு குட்டி மின்விசிறியை இணைத்தான். சுற்றியது. உஷாவின் அப்பா கிட்டே வந்தார், அவர் நிழல் பலகையில் விழுந்தது, விசிறி நின்றது. நகர்ந்தார், சுற்றியது. முன்னும் பின்னுமாக வெகுநேரம் விளையாடினார். பிறகு திடீரென்று முகம் வாட, என் தோளில் கை வைத்தார்.

"ஏன் மாப்ள, மழக்காலத்துல உங்களுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

அந்த 'மாப்ள'வில் மயங்கித் தலையாட்டிய எனக்கு, ஐம்பதைத் தாண்டிய பிறகும் வானம் கறுத்தால் மனசு அந்த விசிறி மாதிரி தானாக நின்றுவிடுகிறது. உஷா வந்துதான் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது.